ஆளுக்கேற்ற துப்பாக்கி

சாந்தோமில் ஞானதாஸ் நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் எதிரே வந்தால் ஊரே பக்கத்துச் சந்தில் புகுந்துகொள்ளும். காரணம், அவர் சவப்பெட்டி செய்கிற தச்சர். அதைக்கூட மன்னிக்கலாம். ஆளைக் கண்டதும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை கண்ணாலேயே அளந்துவிடும் பழக்கத்தை எப்படி மன்னிப்பது? ஒருமுறை காய்ச்சலில் கிடந்த பவுல்சாமி வாத்தியாரைப் பார்க்க ஞானதாஸ் ஆரஞ்சுப் பழத்தோடு போனார். வாத்தியார் அவரைக் கண்டதும் போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்து, தமக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தார். காய்ச்சல் அன்றோடு விட்டது என்பது வேறு விஷயம்.

ஞானதாஸின் மனைவி ஐரினுக்குத்தான் வருத்தம். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்குக் கதவு பாதிதான் திறந்தது. இந்தத் தொழிலை விட்டுவிடுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஞானதாஸுக்கும் ஆசைதான். ஆனால் சவப்பெட்டி செய்த கையால் கட்டில் செய்யச் சொல்லி யார் வருவார்கள்?

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஒரு வழி பிறந்தது. அடையாற்றில் ஒரு ஸ்டூடியோவில் மாயாஜாலப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டணத்துப் போலீஸ்காரர்கள் கொஞ்சம் பேர் ஒரு திருடனைத் துரத்திக்கொண்டு போய்ப் பாதாள லோகத்தில் விழுந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு மந்திரவாதி. அவனை அடக்க ஒரு நாககன்னிகை அவர்களுக்கு மந்திரத் துப்பாக்கிகள் தருகிறாள். கதை எழுதியவருக்கு அன்று என்ன ஆயிற்றோ, நமக்குத் தெரியாது. நிஜத் துப்பாக்கி வேண்டுமானால் லைசென்ஸ், அனுமதி என்று ஆயிரம் தொல்லை. மரத்தில் செய்து கறுப்புச் சாயம் பூசினால் போதும் என்று டைரக்டர் ஸ்ரீனிவாசராகவன் முடிவு செய்தார். மயிலாப்பூர்க்காரர், முன்கோபி. மரவேலைக்கு ஞானதாஸைக் கூப்பிட்டு, துப்பாக்கிகள் சரியாக அமைந்தால் ஸ்டூடியோவில் நிரந்தர வேலை என்றும், காரியத்தைக் கெடுத்தால் பழைய தொழிலுக்கே திரும்பலாம் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞானதாஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சைதாப்பேட்டைக் கஜானா வாசலில் காவல் நிற்கும் சிப்பாயிடம் ஒன்று உண்டென்று யாரோ சொல்ல, அங்கே போய் வெயிலில் நின்று பார்த்தார். சிப்பாய் தரையில் ஊன்றியிருந்த துப்பாக்கி அவன் மார்பு வரை வந்தது. அடடா, இவ்வளவுதானா சங்கதி, ஆளின் மார்பளவுக்கு ஒரு துப்பாக்கி என்று மனசில் முடிந்துகொண்டு திரும்பினார்.

பிறகென்ன? போலீஸ் வேஷக்காரர்களை ஸ்டூடியோவில் ஒரு பார்வை பார்த்தார்; அளவு கிடைத்துவிட்டது. மாம்பலகையை இழைத்து, இரும்புக் குழாய் பொருத்தி, நெட்டையனுக்கு நெட்டையாக, பருமனானவருக்குப் பருமனாக, ஒவ்வொன்றின் அடியிலும் உரியவர் பெயரையும் எழுதிக் கொண்டுபோனார்.

படப்பிடிப்பு அன்று போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று துப்பாக்கியைத் தோளில் சாத்தினார்கள். ஒன்று ஒட்டடைக்கோல் போல மேலே போயிற்று. ஒன்று கைத்தடி போல நின்றது. நடுவில் ஒன்று உலக்கை கனத்தில் இருந்தது. காமிராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்ரீனிவாசராகவனுக்கு முகம் சிவந்துவிட்டது. போலீஸ் துப்பாக்கி என்றால் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார். உடனே எல்லாவற்றையும் வாங்கி ஒரே அளவாக அறுத்துக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேரச் சொன்னார். ஐரின் முகத்தில் எப்படி விழிப்பது? ஞானதாஸ் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, உலக்கைத் துப்பாக்கி வைத்திருந்த மாணிக்கவாசகத்திடம் கை நீட்டினார்.

மாணிக்கவாசகம் தரவில்லை. அவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். அங்கே கிரீடம், கவசம் எல்லாம் யாருக்கோ எப்போதோ செய்தவை. ஒல்லியான எவனுக்கோ அடித்த கவசத்தை மாட்டி, பின்னால் மூடாத இடத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, சபைக்கு முதுகு காட்டாமலே வருஷக்கணக்கில் பீமனாக நடித்த மனிதர். துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“எனக்குன்னு அளவெடுத்து யாரும் ஒரு பொருள் செஞ்சதில்லைங்க. அளவு கச்சிதமா இருக்கு. இதைத் தரமாட்டேன்,” என்றார்.

அவர் சொன்னதுதான் தாமதம், நெட்டையன் தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மற்றவர்களும் பிடியை இறுக்கிக்கொண்டார்கள். காலையிலிருந்து போலீஸாக நிற்கத் தெரியாமல் தள்ளாடிய கூட்டம் அது. இப்போது துப்பாக்கியைக் காப்பாற்ற நின்ற நிலையில் எல்லார் முதுகும் நிமிர்ந்திருந்தது. டைரக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும் ஜாதி.

“சரி, நாககன்னிகைதானே குடுக்கறா? ஆளைப் பார்த்துண்டு குடுத்தாள்னு வெச்சுண்டா போச்சு. ஓய் ஞானதாஸ், நாளைலேர்ந்து இங்கேயே வந்துடும்,” என்றார்.

வேலை கிடைத்த சேதியைக் கேட்டதும் ஐரின் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் நடந்த அன்று எதற்கு அழுகிறீர்கள் என்று பதறினாள்.

“இத்தினி வருசமா பொட்டி செஞ்சிகினு கீறேன் ஐரின். அளவு சரியா கீதுன்னு ஒருத்தனாவது சொல்லிக்கீறானா? இன்னிக்குத்தான் ஒருத்தன் சொன்னான்,” என்றார் ஞானதாஸ்.