வாசல் வாசலாகக் கூப்பிட்டவர்

எங்கள் ஊர்ப் பாலையா மாமா தண்ணீரையும் விட்டுவிட்டார் என்று மல்லிகா சொன்னாள். அவளும் பார்த்தவள் இல்லை. நகரியில் இருக்கும் அவள் தம்பி பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, போனில் சொல்லியிருக்கிறான். மஸ்கட்டில் அவளும் நானும் ஒரே வார்டில் நர்ஸ். மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"பாலசமுத்திரம் மண்டல் ஆபீஸ் எதிர்ல, மிலிட்டரி கோட்டு போட்டுக்கினு குந்திக்கினு கீறாராம் வள்ளி. உங்க ஊரு ஸ்கூலுக்கு மறுபடியும் தமிழ் வாத்தியார் போடற வரைக்கும் துன்ன மாட்டேன்னு நாலு நாளாச்சாம்."

"தண்ணி?"

"நேத்திலேர்ந்து அதுவும் இல்லியாம். திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிட்டாங்கன்னும் ஒரு பேச்சு."

எண்பத்தோரு வயது. தண்ணீர் இல்லாமல் அந்த வயதுச் சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

"அவரு பேரப்பசங்களா அந்த ஸ்கூல்ல படிக்குது?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

வீம்பு இல்லை. அது ஐம்பது வருஷத்துப் பழி.

பாலையா மாமா பர்மா சண்டைக்குப் போய், நாற்பத்தாறில் ஹவில்தாராகத் திரும்பியவர். சுட்டது குறைவு, லாரி ஓட்டியதுதான் அதிகம் என்று அவரே சொல்வார். பாலசமுத்திரத்துக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். அங்கே என் நைனா நாகபூஷணம் தெலுங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஐம்பத்தொன்றில் ஜனத்தொகை எழுதும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். பேரை எழுதிக்கொண்டு போய்ப் பட்டாளத்தில் தள்ளிவிடுவார்கள் என்று ஊரில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பட்டாளத்துக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தவன் கூட நடந்தால் பயம் தெளியும் என்று நைனா பாலையாவைக் கூப்பிட்டார்.

காக்கிச் சட்டையோடு அவர் முன்னால் நடந்தார். சர்க்கார் வேலைக்குத் தெலுங்குதான் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியது. "சர்க்காரு லெக்க! பயப்படவத்து, ஜவாபு செப்பண்டி!" சர்க்கார் கணக்கு, பயப்படாமல் பதில் சொல்லுங்கள் என்று வாசல் வாசலாகக் கூவினார்.

எங்கள் பக்கத்தில் கேட்கிறவர் பாஷையில் பதில் சொல்வதுதான் மரியாதை. அதிலும் சர்க்கார் ஆளிடம் தெலுங்கு வராது என்று சொல்ல வெட்கம். நெசவுக்கார ரத்னம்மா மடியில் அழுத பிள்ளையைத் தமிழில் அதட்டிவிட்டு, வீட்டில் என்ன பாஷை என்று கேட்ட நைனாவிடம், "தெலுகே சாமி" என்றாளாம். தெரு முழுக்க இதே பதில். ஏழெட்டு நாளில் எழுதி முடித்தார்கள்.

ஐம்பத்துமூன்றில் ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. பிறகு எல்லைத் தகராறு. ஊர் ஊராக ஐம்பத்தொன்றில் எழுதிய கணக்கைப் பிரித்து, எங்கே எந்த பாஷைக்காரர் அதிகம் என்று பார்த்துத்தான் கோடு போடப்போகிறார்கள் என்ற சேதி வந்தது. நம்ம ஊரில் தமிழ்தானே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். கணக்கில் முப்பத்திரண்டு தலை தெலுங்கு அதிகமாக இருந்தது. பெண் கொடுத்து எடுத்த பக்கத்து ஊர்கள் மெட்ராஸோடு போயின. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம்.

டீக்கடையில் பாலையாவை உட்கார விடவில்லை.

"ஜப்பான்காரனைச் சுடச் சொல்லி அனுப்பினா, எங்களைச் சுட்டுட்டு வந்து நிக்கறியே பாலையா!"

"நான் இன்னா பண்ணேன்?"

"தெலுங்குல கத்தினது யாரு? உன் கொரலுக்கு பயந்துக்கினுதான் நான் அப்படிச் சொன்னேன்" என்று ரத்னம்மா கையை நீட்டினாள்.

பாலையா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தெட்டாவது வயதில் தெலுங்கு எழுத்து கற்றார். பட்டா, விதவைப் பென்ஷன், ரேஷன் என்று யார் கூப்பிட்டாலும் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குக் கூடப் போனார். திட்டியவர்களுக்கும் மனு எழுதினார், ரத்னம்மாவுக்கும்தான். எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டும் என்று பதினான்கு தடவை நடந்து, அறுபத்திரண்டில் வாங்கினார். நான் அதில் தமிழும் அடுத்த அறையில் தெலுங்கும் படித்தேன். நைனாதான் தமிழ் வாத்தியார். நைனா போன பிறகு அவர் படத்தைப் பள்ளியில் மாட்டி, வருஷா வருஷம் மாலை போடுகிறவரும் பாலையா மாமாதான்.

அந்த மாலைதான் என் வாயை அடைத்தது.

சாவதற்கு முந்தின வாரம் நைனா என்னிடம் சொன்னார். "ஜனங்க தப்பாச் சொல்றாங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும் வள்ளி. எனக்குத் தெரியாத வீடா? திருத்தி எழுதியிருக்கலாம். ஊரே தமிழ்னு எழுதினா நானும் தமிழ்க்காரன்னு தெரிஞ்சு, தெலுங்கு ஸ்கூல் வேலை போயிடும்னு பயம். நம்ம வீட்டையும் தெலுங்குன்னுதான் எழுதினேன். பாலையாகிட்ட சொல்லவே இல்ல."

மூன்று வருஷமாக நானும் சொல்லவில்லை. லீவில் போனபோது மாமாவே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் படம் சுவரில் இருக்காது.

"கடைசியா இன்னா சொன்னாராம் தெரியுமா?" என்றாள் மல்லிகா. "என்னாலதான் ஊரு இந்தப் பக்கம் வந்துச்சு, புள்ளைங்க எழுத்தும் போச்சுன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்னாராம். வாத்தியார் வேலையெல்லாம் இப்பப் போட மாட்டாங்க வள்ளி. யாராவது சொல்லி எழுப்பணும்."

என்ன சொன்னால் எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தப்பாக எழுதியது யார் என்று தெரிந்தால், பழி தன்னுடையது இல்லை என்று தெரிந்தால், ஒரு வாய் தண்ணீராவது குடிப்பார். அவர் மகள் செங்கம்மா போனை எடுத்தால் போதும், ஓடிப்போய்ச் சொல்லுவாள்.

மதிய இடைவேளையில் போன் கார்டைப் போட்டு நம்பரை அழுத்தினேன். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை மணி அடித்து அடித்து நின்றது. வீட்டில் யாரும் இல்லை என்றால், மண்டல் ஆபீசில் இருக்கிறார்களா, ஆஸ்பத்திரியிலா, அல்லது...

மூன்றாவது தடவை அழுத்தினேன். "செங்கம்மா, எங்க நைனாதான் தெரிஞ்சே தப்பா எழுதினார்னு மாமாகிட்ட சொல்லு" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ரிசீவரைக் காதில் அழுத்தியிருக்கிறேன். அங்கே மணி அடித்துக்கொண்டிருக்கிறது.