அரைச்சாண் வித்தியாசம்

ராகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பம். பலகை தங்கள் பக்கம் தள்ளி நிற்கிறது என்று பெரியம்மா சொல்ல, இல்லவே இல்லை என்று அம்மா சொல்ல, அந்த வருடம் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. பெரியம்மாவின் முறுக்கு இல்லாமல் ஒரு தீபாவளியா என்பதுதான் என் கவலை.

கொழும்பில் கட்டட வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்தார். அவர் சட்டைப் பையில் அரைச்சாண் நீளத்தில் ஒரு மெஷின் இருந்தது.

"டேப்பெல்லாம் வேணாம். இதுல இருந்து போற வெளிச்சம் எதிர்ல பட்டுத் திரும்பி வரும். போயிட்டு வர்ற நேரத்த வச்சே தூரத்தச் சொல்லிரும். மாடி வீடெல்லாம் இதுலதான் அளக்குறோம்" என்றார்.

முதலில் பெரியம்மா வீடு. மெஷினின் அடியைக் கல்சுவரில் ஒட்டிப் பிடித்தார். எதிரே பலகையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. எட்டடி. பிறகு எங்கள் வீடு. சித்தப்பா எண்ணைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"பனி உள்ள வந்திருச்சு அண்ணி. தப்பாக் காட்டுது."

வெளியே துணி காய்கிற வெயில். ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டு மறுபடியும் அளந்தார். எட்டடி.

"ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல. ரெண்டு பேரும் வீணா சண்ட போட்டிருக்கீங்க."

வாசலில் நின்ற பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "மெஷினே சொல்லுதே, நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

"உள்ள வாங்கக்கா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள் அம்மா.

முறுக்கு வந்து சேர்ந்தது. மெஷினைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமா என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது நானும் நுவரெலியாவில் ஒரு கட்டடத்தில் அளவெடுக்கும் வேலை பார்க்கிறேன். அதே மாதிரி மெஷின் கைக்கு வந்த முதல் நாள்தான் அந்தப் பட்டன் எனக்குப் புரிந்தது. மெஷினின் அடியிலிருந்து அளப்பதா, தலையிலிருந்து அளப்பதா என்று அதில் மாற்றிக்கொள்ளலாம். தலைக்கு மாற்றினால் மெஷினின் நீளம் கணக்கில் குறைந்துவிடும். பெரியம்மா சொன்னதுதான் சரி. எங்கள் வீடு அரைச்சாண் பெரியது. அன்றிலிருந்து பெரியம்மா என்ன வேலை சொன்னாலும் நான் மறுப்பதில்லை.

போன தீபாவளிக்குச் சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா பிழியப் பிழிய, பெரியம்மா முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நல்ல பனிம்மா" என்றார்.