எழுத்து மேலே பார்க்கத் தைத்த சாக்கு

அன்று கம்பெனி வாசலில் முதலாளி இருந்தார், மேஸ்திரி இருந்தார், கடலூரிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி இருந்தார். என் அக்காவோடு வேலை செய்யும் பெண்கள் பதினோரு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மனு எழுதிய நானும் இருந்தேன். அக்கா இல்லை. மனு யாரைப் பற்றியதோ அந்த இரண்டு வயதுக் குழந்தை, அக்காவின் மகள், அவளும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவள் மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். அதைப் பிடுங்கிவிடாமலிருக்க அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் போனதற்கு அவள் சம்பளமும் ஒரு காரணம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் சூளைக்குப் போவதற்கு முன்பு, காய்ந்த பொம்மையின் மேல் அச்சு விட்ட வரியை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்து வருவாள். "பவுடர் செலவு மிச்சம்டி உனக்கு" என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள், நாங்களும் சிரிப்போம். சூளைப் புகை வந்தால் கதவைச் சாத்தியவர்கள்தான் நாங்கள். வெள்ளைத் தூசியை மட்டும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மண்தானே, சோறு போடும் மண்.

எங்களுடையது தகரக் கூரை வீடு. அந்த வருஷம் கத்திரி முடிந்த பிறகும் வெயில் இறங்கவில்லை. ஃபேன் போட்டால் அனல்தான் வந்தது. குழந்தை உடம்பு முழுக்க வேர்க்குரு. படுத்தால் ஐந்து நிமிஷம் தூங்கமாட்டாள். எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழி உண்டு. பொம்மை மண்ணில் கலக்கும் கல்மாவு வரும் வெள்ளைச் சாக்குகளைக் காலியானதும் கம்பெனியில் வேலையாட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவற்றைப் பிரித்துத் துவைத்து, ஒன்றோடொன்று தைத்து, தகரத்துக்குக் கீழே பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினால் சூடு பாதி குறையும். அந்தக் கோடையில் துவைக்கத் தண்ணீர் ஏது? குடிப்பதற்கே லாரியின் பின்னால் குடத்தோடு ஓடினோம். உதறிவிட்டுத் தைத்தோம்.

அக்காவின் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையாக இருந்ததால் தைத்தவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து தைத்தேன். சாக்கின் ஒரு பக்கத்தில் சிவப்பில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. "எழுத்து மேல போவட்டும்டா தம்பி, கீழ வெள்ளையா இருந்தா வூடு வெளிச்சமா இருக்கும்" என்றாள் அக்கா. எங்கள் வம்சத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன், ஆங்கிலம் எழுத்துக்கூட்டாமல் படிப்பவன், அந்த எழுத்தையெல்லாம் தகரத்தைப் பார்க்கத் திருப்பித் தைத்தேன். நன்றாகக் குளிர்ந்த இடமாகப் பார்த்துத் தூளியையும் நானே கட்டினேன். குழந்தை அன்று பகல் மூன்று மணி நேரம் தூங்கினாள். அக்கா எனக்கு முட்டை பொரித்துப் போட்டாள்.

பத்து நாளில் இருமல் வந்தது. தெருமுனை டாக்டரிடம் மூன்று தடவை காட்டினோம். "சளி, வெயில் சளி" என்று மூன்று தடவையும் மருந்து எழுதினார். என்ன வேலை செய்கிறீர்கள், பிள்ளை எங்கே தூங்குகிறது என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. ஒரு காலையில் மூச்சு இழுக்கும்போது விலா குழி விழுந்தது; உதடு கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே நர்ஸம்மா ஒருவர்தான் அக்காவின் தலைமுடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வூட்லயும் இந்தத் தூசி இருக்குதாம்மா? தூளிக்கு மேல என்ன கட்டியிருக்கீங்க?"

வீட்டுக்கு வந்து பந்தலை இழுத்தேன். ஃபேன் காற்றில் ஒவ்வொரு நாளும் குழந்தையின் முகத்தில் சலித்து விழுந்தது போக மிச்சமிருந்த மாவு அவ்வளவும் என் தலையில் கொட்டியது. பிறகு அந்த எழுத்தைப் படித்தேன். இந்தத் தூசியைச் சுவாசிக்காதீர்கள். குழந்தைகளிடமிருந்து விலக்கி வையுங்கள். காலிச் சாக்கை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

அன்றே மனு எழுதிப் போட்டேன். அதிகாரி விசாரிக்க வந்தபோது கம்பெனி வாசலில் அந்தச் சாக்கை விரித்துக் காட்டினேன். முதலாளி பதறவில்லை. "மண்ணு சார் இது. எங்கப்பா காலத்துலேர்ந்து இதுலதான் பொழைக்கிறோம்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இங்கிலீஷ் படிச்சவன்தானே நீ? நீயே படிக்காம தைச்சிட்டு என்னைக் கேக்குறியே தம்பி."

பெண்களில் மூத்தவர்தான் பேசினார். "எங்க பதினோரு வூட்லயும் இதான் சார் தொங்குது. இந்தத் தம்பி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். சரி, அவுத்துடறோம். அந்த வெயில்ல புள்ளைங்களை எங்க படுக்க வைக்கிறது, உங்க ஜீப்புலயா?" சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. இனிமேல் சாக்கை வெளியே கொடுக்கக் கூடாது என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். கம்பெனிக் கொட்டகைக்குள் பறக்கும் தூசியைப் பற்றி ஒரு வரி இல்லை. தகரத்தின் கீழே வேகும் பிள்ளைகளைப் பற்றியும் இல்லை. ஜீப் போய்விட்டது.

முதலாளி கேட்ட கேள்வி என்னை விடுவதில்லை. நான் படித்திருக்க வேண்டும். அந்தக் குற்றத்தை யார் தலையிலும் நான் ஏற்றப் போவதில்லை. ஆனால், ஒரு குழந்தை மூச்சு விடுவதற்கு அதன் மாமன் ஆங்கிலம் படித்திருக்க வேண்டுமா? ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் கையில்தான் அந்தச் சாக்கு போகிறது என்று தெரிந்தும், அதில் தமிழில் ஒரு வரி போட ஏன் யாருக்கும் தோன்றவில்லை? தானமாகக் கொடுத்தவர் அதைப் படித்ததே இல்லையா? படித்துவிட்டுத்தான் கொடுத்தாரா?

குழந்தை வீடு திரும்பினாள். இப்போதும் நாலடி ஓடினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டார். தகரக் கூரையை விட்டு தளம் போட்ட மெத்தை வீட்டுக்குக் குடிபோனோம். அதற்கு அட்வான்ஸ், மூச்சு மருந்து கொடுக்கும் மெஷின், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பஸ், அக்கா இழந்த கூலி. எல்லாவற்றுக்கும் காதுத் தோட்டை அடகு வைத்தாள். மொத்தம் எவ்வளவு ஆனது என்று போன வாரம்தான் கேட்டேன். மெஷினின் மாஸ்க்கைக் குழந்தையின் முகத்தில் பிடித்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

"நாப்பத்தி ஓராயிரத்து அறநூறு."