பன்னிரண்டாவது நாற்காலி

எங்கள் பங்குக் கோயிலில் எந்தப் பூசைக்கு யார் பைபிள் வாசிப்பது, யார் பாடுவது, காணிக்கைத் தட்டை யார் எடுத்து வருவது என்று பட்டியல் போடுகிறவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் பதினெட்டு வருடமாக ஷிப்ட் சார்ட் போடுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான்கு பேரைத் தயார் பண்ணுவது ஒரு வேலையா?

எங்கள் பங்கில் முக்கால்வாசிப் பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவரை வாசிக்கச் சொன்னால் எசாயா வாசகத்தின் பாதியிலேயே கொட்டாவி விடுவார். ஆகவே அவருக்கு வாசகம் கிடையாது. காணிக்கைப் பவனி கொடுப்பேன், நடக்கும்போது தூங்க முடியாதல்லவா. மன்றாட்டு வாசிக்கிறவர் அதை மூன்று நாள் முன்பே எழுதி என்னிடம் காட்டிவிட வேண்டும். ஒருமுறை ஒரு மனுஷர் தன் மச்சானுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று மைக்கில் மன்றாடினார், மச்சான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்துதான் இந்தச் சட்டம். வருகிற பங்குத்தந்தையர் எல்லோரிடமும் முதல் வாரமே சொல்லிவிடுவேன்: "ஃபாதர், நீங்க பிரசங்கத்தப் பாருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால், பூசை நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற ஆண்கள். அதிலும் ஒருவர் ஆரம்பாக்கத்திலிருந்து குடிவந்த நாளாக, ஒரு வருடமாக, அங்கேயே நின்றார். எங்கள் கோயிலில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். அவருடைய மனைவியும் மகளும் அப்படித்தான் வருவார்கள். இவர் மட்டும் கறுப்பு ஷூவோடு மரத்தடியில் கைகட்டி நிற்பார். நற்கருணை அப்பம் வாங்கக்கூட வரமாட்டார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இன்னாங்க, உள்ள ஃபேன் ஓடலியா? வாசல்லயே அட்டென்டன்ஸ் போட்டுட்டுப் போயிடறீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தவக்காலம் வந்தது. பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, ஃபாதர் பங்கு மக்களில் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதும் என் வேலைதான். பதினோரு பெயரை எழுதிவிட்டுப் பன்னிரண்டாவதாக மரத்தடிக்காரர் பெயரை எழுதினேன். எப்படி வெளியே நிற்கிறார் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் வீம்பு.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பன்னிரண்டு பேருக்கும் என் கையால் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். வெள்ளை வேட்டி கட்ட வேண்டும். செருப்பு, ஷூ, சாக்ஸ் கூடாது. கால் நகம் வெட்டிக்கொண்டு வர வேண்டும். மரத்தடிக்காரர் அதை நின்று நிதானமாக வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், அவர் மனைவி என் வீட்டு வாசலில் நிற்கிறாள். கையில் அந்தச் சீட்டு.

"அக்கா, அவரு பேர எடுத்துருங்கக்கா."

"ஏன்? ஷிப்ட் இருக்கா? நான் வேணா அவங்க கம்பெனில பேசட்டுமா?"

"ஷிப்டெல்லாம் இல்லக்கா. நகம் வெட்டிக்கினு வரச் சொல்லி எழுதிக்கீறீங்க." சீட்டை என் பக்கம் நீட்டினாள். "வெட்டறதுக்கு அவருக்கு வலது கால்ல வெரலே இல்லக்கா."

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேலை செய்த இடத்தில் கம்பிக் கட்டு சரிந்து காலில் விழுந்திருக்கிறது. ஐந்து விரலும் போய்விட்டன. ஷூவின் முன்பக்கத்தில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டுதான் நடக்கிறார். பெற்ற மகள் எதிரில்கூட சாக்ஸைக் கழற்றுவதில்லை. கோயிலுக்குள் வர வேண்டுமென்றால் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டுமே, அதனால்தான் மரத்தடி.

"பூச முழுக்க அங்கேர்ந்தே பதில் சொல்லுவாருக்கா. பாட்டெல்லாம் பாடுவாரு. உங்களுக்குத்தான் கேக்காது" என்றாள்.

சீ, என்ன மனுஷி நான் என்று ஆகிவிட்டது. கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் அவளோடு கிளம்பினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வீட்டுக்குள்ளும் சாக்ஸோடு.

"எனக்குத் தெரியாதுங்க. தப்பு பண்ணிட்டேன். இப்பவே பேர அடிச்சிடறேன்" என்று பேனாவை எடுத்தேன்.

"அடிக்காதீங்கக்கா" என்றார்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா? ஊரே பாக்கும்" என்றாள் மனைவி.

"ஒரு வருசமா வெளிய நின்னுக்கினு கீறேன். உள்ள வான்னு ஒருத்தரும் கூப்டல. இவங்கதான் கூப்டாங்க."

நான் கூப்பிட்ட லட்சணம் எனக்குத்தானே தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்காத விஷயம்.

"ஆனா வாசல்ல கயட்ட மாட்டேங்க்கா. சேர் வரிக்கும் ஷூ போட்டுக்கினுதான் வருவேன்" என்றார்.

"வாங்க. யாரு தடுக்கறாங்கன்னு நான் பாக்கறேன்."

ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரிய வியாழன் அன்று பதினோரு பேர் பளபளவென்று தேய்த்துக் கழுவிய கால்களோடு பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி காலி. நற்செய்தி முடிந்தது, பிரசங்கமும் முடிந்தது. அவர் மரத்தடியில்தான் நின்றிருந்தார், வெள்ளை வேட்டியும் கறுப்பு ஷூவுமாக. ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டும்போதுதான் வாசற்படி ஏறினார். உடனே கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார்.

"ஏய்யா, ஷூவோட எங்க போற?"

நான் நடுவில் புகுந்தேன். "உபதேசியாரே, கைய எடுங்க. அவரு என் லிஸ்ட்ல இருக்காரு."

பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்த ஷூச் சத்தம் நாற்காலி வரைக்கும் கேட்டது. தலைகள் திரும்பின. திரும்பிய ஒவ்வொரு தலையையும் முறைத்துக்கொண்டு நின்றேன். தன் முறை வந்ததும் அவர் குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். ஃபாதர் அவசரப்படாமல் தண்ணீர் ஊற்றித் துடைத்து, விரல்கள் இருந்த இடத்தில் முத்தமிட்டார். பாடகர் குழுவில் நின்ற மகள் பாட்டை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஈரம் காயும் முன்பே சாக்ஸை மாட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

ஈஸ்டர் காலைப் பூசை. கண் நேராக வேப்பமரத்துக்குத்தான் போனது. அங்கே அவர் இல்லை. எனக்குத் திக்கென்றது. ஊர் முன்னால் உட்கார வைத்து அந்த மரத்தடியையும் பிடுங்கிவிட்டேனோ! யார் வாசிக்கிறார்கள் என்றுகூடக் கவனிக்காமல் வாசலுக்கு வந்தேன்.

படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். நடுவே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. வலது ஷூவின் முனையில் சுருட்டிய துணி.