மச்சான் வரட்டும்

எங்கள் வீட்டில் ஒரு போலீஸ்காரர் உருவாகிக்கொண்டிருந்த வருடம் அது. அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா, ஹனூரிலிருந்து பெட்டியோடு மைசூருக்கு வந்து எங்களுடன் தங்கி, ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த முறை தவறினால் வயது தாண்டிவிடும். விடிவதற்குள் மைதானத்துக்குப் போய், பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும் என்கிற நிலையில் ஆறரைக்குத் திரும்புவார். மூன்றாம் வகுப்பில் இருந்த நான், மாமா போலீஸ் என்று பள்ளியில் முன்கூட்டியே அறிவித்துவிட்டிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது ஹெப்பாள் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். கம்பெனி பஸ் எட்டரைக்குத்தான் அவரைத் தெருமுனையில் இறக்கிவிடும். அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகே அம்மா சாப்பிடுவாள். அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம் என்ற கூச்சத்தில் மாமாவும் அதையே சட்டமாக்கிக்கொண்டார். எனக்கு மட்டும் விலக்கு உண்டு. பள்ளி வேன் யாருக்கும் காத்திருக்காது.

"இட்லி ஆறிப் போகுது, ரெண்டு வாய் போட்டுக்கடா" என்று அம்மா கெஞ்சுவாள்.

"மச்சான் வரட்டும்க்கா. ராத்திரியெல்லாம் நின்னு வேலை பாக்கறவரு வர்றதுக்கு முன்னால எனக்கென்ன அவசரம்?"

இப்படிச் சொல்லிவிட்டு வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பார். தம்பியின் மரியாதையைப் பற்றி அம்மா தெருவெல்லாம் பெருமை அடித்தாள்.

தேர்வு நெருங்கும்போது மாமா நொண்ட ஆரம்பித்தார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைத் தொட்டாலே பல்லைக் கடிப்பார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தும் வீக்கம் வற்றவில்லை. கடைசியில் அப்பா எங்கள் எல்லோரையும் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

எலும்பில் மயிரிழை விரிசல், இனி ஓடக் கூடாது என்றார் டாக்டர். ஓடி முடித்ததும் என்ன சாப்பிடுவாய் என்று கன்னடத்தில் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். பதில் தெரிந்த கேள்விக்கெல்லாம் கை தூக்கிப் பழகிய நான் முந்திக்கொண்டு, அப்பா வந்த பிறகு ஒன்பது மணிக்குத்தான் மாமா சாப்பிடுவார் என்று கணீரென்று சொன்னேன்.

ஓட்டத்தை ஒரேயடியாகக் கூட்டியதும் ஒரு காரணம்தான் என்றார் டாக்டர். ஆனால் ஓடித் தேய்ந்த எலும்பு மறுபடி கட்டிக்கொள்ள வேண்டுமானால், ஓடி வந்த கையோடு பாலோ முட்டையோ ராகிக் களியோ வயிற்றுக்குள் போக வேண்டும். தினமும் பட்டினி போட்டால் எலும்பும் தேறாது, வீக்கமும் லேசில் அடங்காது என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பாவின் காது சிவந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை. ஆனாலும் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நான் கேன்டீன்லயே சாப்பிட்டுட்டுத்தான் வருவேன் புள்ள. ஷிஃப்ட் முடிஞ்சதும் அங்கயே டிபன் குடுத்துருவாங்க. நீ காத்துக்கிட்டு இருப்பியேன்னுதான் இங்கயும் ரெண்டு இட்லி தின்னுக்கிட்டு இருந்தேன்."

"எத்தனை நாளாங்க?"

"ஆரம்பத்துல இருந்தே."

"விடுங்க மச்சான்" என்றார் மாமா. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் ஒருநாள்கூட எனக்குக் கேன்டீன் இட்லி ஏன் கொண்டு வரவில்லை என்று அப்பாவைப் பிடித்து உலுக்கினேன்.

அடுத்த ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் அப்பா ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். இட்லி பூப்போல இருந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமாவுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கேன்டீன் இட்லிய அவன் கண்ணுல காட்டாத" என்று கிசுகிசுத்தார். ஒரு இட்லி கொடுக்கக்கூட மனம் வராத அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.