தராசில் ஏறாத பிள்ளைகள்

ருவான்வெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் விடியற்காலையில் பால்வெட்டப் போனால் திரும்பும்வரை பிள்ளைகள் என் பொறுப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், கேகாலையில் ஆபீஸ் போட்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறும் பருப்பும் தர முன்வந்தது. வந்த அன்றே விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டு எல்லோரையும் நிறுத்துப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார்கள் பிள்ளைகள். எடை கூடினால்தான் அடுத்த வருடமும் சோறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூடத்தான் செய்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்துக்காரி ஒருத்தியின் மகள், நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள், கன்னம் உப்பி, என் முந்தானையைப் பிடித்து இன்னும் சோறு கேட்பாள். எனக்கு அப்படியொரு பெருமை.

மறு வருடம் நிறுக்கிற நாளில் வந்ததெல்லாம் காய்ச்சலும் வயிற்றோட்டமுமான பிள்ளைகள். தேறியதில் ஒன்றுகூட வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கீழ் லயத்துக்கு ஓடினேன். அவள் தன் மகளின் கன்னத்தில் கரிப்பொட்டு வைத்து உள்ளே ஒளித்து வைத்திருந்தாள்.

"வெளியாளுங்க முன்னுக்கு தொங்கவிட்டு, இம்புட்டு கூடிருச்சுன்னு வாய்விட்டு சொன்னா கண்ணு படாதாக்கா? போன வருசம் ஒண்ணுமில்லாம கெடந்துச்சு, காட்டுனேன்."

"கண்ணாவது மண்ணாவது. சோறு போயிரும்டி."

"சோறு போனா போகட்டும். புள்ள போனா?"

திரும்பி வந்து, நிறுக்க வந்த பையனிடம் கெஞ்சினேன். "லயத்துக்கு வந்து பாருங்க சார். நல்லா ஓடி வெளயாடுதுங்க."

"நான் நம்புறேங்க. ஆனா தராசுல ஏறுனதத்தான் எழுத ஏலும். கொழும்பு பெரிய ஆபீசுல அதத்தான் கேப்பாங்க."

நல்ல பையன்தான். அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சோறு நின்றது. தோட்டத்து ஆபீசில் கேட்டேன், கையை விரித்தார்கள். தராசை மட்டும் கழற்றிப்போக யாரும் வரவில்லை, விட்டத்திலேயே தொங்கியது.

மழைக்காலத்தில் பால்வெட்டும் படுத்தது. ஒருநாள் கீழ் லயத்துக்காரி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கரிப்பொட்டு இல்லை.

"கொஞ்சம் நிறுத்துப் பாருங்கக்கா" என்றவள், வாசலில் நாலு பேர் பார்த்து நிற்க, தானே பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டாள்.