நந்தி உத்தியோகம்

எங்கள் மென்பொருள் குழுவில் என் வேலை குறுக்கே நிற்பது. ஆபீஸ் மொழியில் அதற்கு மரியாதையான பெயர் ஒன்று உண்டு. செவிலிமேட்டு மாடி வீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் குழு வைத்த பெயர் நந்தி. வாடிக்கையாளர் எது கேட்டாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்களிடம் நேராகப் போகக் கூடாது.

விதி நல்ல விதிதான். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் உள்ளூர்ப் பட்டுக்கடை முதலாளி. ஸ்கூட்டரை எடுத்தால் டீ ஆறுவதற்குள் வந்துவிடுவார். அவர் கடைக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தவள் ஐயம்பேட்டைப் பெண், கல்யாணம் நிச்சயமானவள். பில் ஓடினால்தான் லீவு என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். முதலாளியோ தினமும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஒரே ஒரு சின்ன மாத்தம்மா" என்பார். சின்ன மாற்றம் அவளுடைய நாளையே விழுங்கிவிடும். முகூர்த்தம் காத்திருக்குமா? பாவம், பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவாள்.

வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலாளி கோயில் இட்லியோடு வந்தார். இட்லியை உள்ளே அனுப்பினேன், அவரை வெளியே அனுப்பினேன்.

"இன்னாமா இது, நந்தி கணக்கா குந்திக்கினு இருக்குற!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பட்டம் ஊர்வரை பரவிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அவளுடைய முகூர்த்தப் புடவை அவர் கடையில்தான் சொல்லியிருந்தது. ரவிக்கைத் துணி பார்க்க அவள் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். நினைத்தபடியே ஆயிற்று. "வாமா, அந்த பில்லுல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார்.

நான் புகுந்தேன். "சார், புடவைக்குப் பச்சை பார்டர் வேணாம், அரக்கு போடணும். தறிக்காரர் நம்பர் குடுங்க, நானே பேசிக்கிறேன்."

மனிதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ, பாதிப் புடவ நெஞ்சாச்சும்மா! வர்றவங்க போறவங்கல்லாம் தறிக்காரர்கிட்ட பேசினா எந்தப் புடவ முடியும்? எதுனாலும் என்கிட்ட சொல்லு. நடுவுல நான் எதுக்குக் குந்திக்கினு இருக்கேன்?"

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

"சரிமா," என்றார் கடைசியில். "கல்யாணம் முடியட்டும்."

அதற்குப்பின் ஸ்கூட்டர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பில் ஓடியது, லீவும் கிடைத்தது.

கல்யாணத்துக்கு முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். தாலி கட்டி முடிந்ததும் மேடையேறி, அட்சதை போட்டு, மனசார வாழ்த்தினார். பிறகு மெல்ல அவள் காதுப்பக்கம் குனிந்தார். "அதான் கல்யாணம் முடிஞ்சிடுச்சே. அந்த பில்லுல..."

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்தா கிளிக் செய்ய வேண்டும்? ஆல்பத்தில் அந்தப் படத்தில் மட்டும் மாப்பிள்ளை பக்கத்தில் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் அவள் புடவையின் பச்சை பார்டர் கொஞ்சம் தெரிகிறது.